மர்மலாங் பாலத்தை வரைந்த கப்பல் ஓவியர்



சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருக்கும் மறைமலை அடிகள் பாலத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும்போது, கிண்டிக்குப் போகும்போது, பெண்ணைப் பார்க்கத் தாம்பரம் போகும்போது. அந்த இடத்தில் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். ஆண்டு 1726. அரசாங்கப் பணம் ஒரு காசு இல்லாமல், சொந்தப் பணத்தில் 29 வளைவுகள் வைத்துக் கட்டினார். பறங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் போட்டவைதான். வெள்ளைக்காரர்கள் அந்தப் பாலத்தை மர்மலாங் பாலம் என்றார்கள். 1966-ல் புதுப் பாலம் வந்தபோது பழையது போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன்பு லிப்டில் வரும்போது நம் குடியிருப்பில் ஒருவர் என்னிடம் கேட்டார், அந்தப் பழைய பாலம் பார்ப்பதற்கு எப்படி சார் இருந்தது, படம் ஏதாவது உண்டா என்று. உண்டு. கேமரா கண்டுபிடிப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் அதை வரைந்து வைத்திருக்கிறார். ஆறு, வளைவுகளோடு பாலம், முன்னால் ஒரு சிப்பாயும் நம் ஊர் ஜனங்களும். வரைந்தவர் பெயர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கோடு கப்பலில் போய், அன்றைய வரைபடத்திலேயே இல்லாத துறைமுகங்களை வரைந்து வந்த அதே ஹாட்ஜஸ்.

நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். ஓவியத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கை ஓவியத்தில் தொடங்கி, எங்கள் தொழிலில் வந்து முடிந்துபோனது. அந்த முடிவைப் படித்த நாளிலிருந்து மனது கேட்கவில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

கொல்லர் மகன்

ஹாட்ஜஸ் 1744 அக்டோபரில் லண்டனில் பிறந்தார். அப்பா கொல்லுப் பட்டறைக்காரர். வசதி கிடையாது. பையனுக்குக் கை நன்றாக வருகிறது என்று கண்டு, ஒரு ஓவியப் பள்ளியில் எடுபிடி வேலைக்கு விட்டார்கள். வேலையும் செய்து கொண்டு பாடமும் கற்றுக்கொண்டான். பிறகு ரிச்சர்ட் வில்சன் என்ற பெரிய இயற்கைக் காட்சி ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்து, ஏழு ஆண்டுகள் போல அவரிடம் இருந்தார். குரு இத்தாலிய பாணிக்காரர். பொன்னிற வெளிச்சம், பழைய மண்டபங்கள், தூரத்தில் மலை. சீடனும் அப்படியே வரையப் பழகினார்.

சீடராக இருந்த காலம் முடிந்த பிறகு பெரிய வருமானம் இல்லை. நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதினார். வயது 27 ஆகியும் பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

1772-ல் அதிர்ஷ்டம் வந்தது. ஜேம்ஸ் குக் இரண்டாவது உலகப் பயணத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார். தெற்கே ஒரு பெரிய கண்டம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்துவர ஆங்கிலேயக் கடற்படை அவரை அனுப்பியது. ஜோசப் பேங்க்ஸ் என்ற செல்வந்தரான தாவர அறிஞர் தன் பரிவாரத்தோடு வருவதாக இருந்தது. அவர் ஏற்பாடு செய்திருந்த ஓவியர் ஜோஹான் ஸோஃபனி. கப்பலில் தமக்கு வேண்டிய இட வசதி இல்லை என்று பேங்க்ஸ் கோபித்துக்கொண்டு விலக, ஸோஃபனியும் விலகிவிட்டார். அந்தக் காலி இடத்துக்குத்தான் கடற்படை ஹாட்ஜஸை நியமித்தது. வேறு ஒருவர் வேண்டாம் என்ற வேலையால் வாழ்க்கை மாறியவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

கப்பலில் ஓவியருக்கு என்ன வேலை?

கப்பலில் எதற்கு ஓவியர் என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவரும் பையனுக்கு நாம் எப்படி வழி சொல்கிறோம்? பிள்ளையார் கோயில் தாண்டி, மஞ்சள் கேட், எதிரே டீக்கடை என்கிறோம். அவனிடம் மேப் இருக்கிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வேண்டும்.

கடலிலும் அதே கதைதான். மாலுமி கையில் வரைபடம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கரை எப்படி வளைகிறது என்று அது சொல்லும். ஆனால் அவன் மேலிருந்து பார்ப்பதில்லை, கப்பல் தட்டில் நின்று பக்கவாட்டில் பார்க்கிறான். எந்த மலைக்கும் எந்தப் பாறைக்கும் நடுவில் துறைமுகத்தின் வாய் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கப்பல் போய்விடும், ஆட்களும் போய்விடுவார்கள். அதனால் கடலிலிருந்து தெரிகிற கரையை, நீளமான ஒரு துண்டுக் காகிதத்தில், மேடு பள்ளம் மாறாமல் மையால் வரைந்து, எந்தத் திசையிலிருந்து பார்த்தது என்றும் குறித்து வைப்பார்கள். அடுத்து வருகிறவன் அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே தெரிகிற கரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். ஹாட்ஜஸ் அப்படி நிறைய வரைந்தார். அழகு இதில் இரண்டாம் பட்சம். அடையாளம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு.

1772 ஜூலை 13-ம் தேதி ரெசல்யூஷன், அட்வென்ச்சர் என்ற இரண்டு கப்பல்கள் பிளிமத்திலிருந்து கிளம்பின. ரெசல்யூஷனில் ஹாட்ஜஸ். கூடவே வில்லியம் வேல்ஸ் என்ற வானியல் நிபுணர், ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மன் அறிஞர், அவருடைய மகன் ஜார்ஜ். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைத் தாண்டி நேரே தெற்கே போனார்கள். 1773 ஜனவரி 17-ம் தேதி ரெசல்யூஷன் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது. அதற்கு முன் எந்தக் கப்பலும் அதைக் கடந்ததாகப் பதிவு இல்லை. சுற்றிலும் பனிமலைகள். உறைகிற குளிரில் அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்தார் ஹாட்ஜஸ். தென்துருவப் பனியைக் கண்ணால் பார்த்து வரைந்த முதல் ஓவியர்களில் அவர் ஒருவர்.

நன்னம்பிக்கை முனையை விட்டு 117 நாட்கள் கரையையே பார்க்காமல் ஓடிய கப்பல், மார்ச் மாதக் கடைசியில் நியூஸிலாந்தின் தென்மேற்கு மூலையில் டஸ்கி விரிகுடாவுக்குள் நுழைந்தது. அங்கே ஒரு சிறு குடா. பிக்கர்ஸ்கில் துறை என்று பெயர் வைத்தார்கள். கரைக்கு மிக அருகில் கப்பலைக் கட்டியதால், கரையிலிருந்து சாய்ந்திருந்த ஒரு மரமே ஏறி இறங்கும் பாலமாக உதவியது. ஹாட்ஜஸ் வரைந்த படத்தில் அடர்ந்த இருட்டுக் காடு, அந்த மரத்தின் மேல் ஒரு மாலுமி நடந்து போகிறான்.

இந்தப் படத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2004-ல் லண்டன் கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் ஹாட்ஜஸின் படங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதை ஒட்டி இந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, காட்டுக்கு அடியில் இன்னொரு படம் இருந்தது. பனிமலைகள்! முதலில் பனியை வரைந்த துணியின் மேலேயே பச்சைக் காட்டை வரைந்திருக்கிறார். நாலு மாதம் வெள்ளையைத் தவிர வேறொன்றும் பார்க்காத கண்ணுக்கு அந்தப் பச்சை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் முடியும்வரை துறை துறையாகப் போனார்கள். டஹீட்டியின் மாடவாய் குடா, ஈஸ்டர் தீவு, மார்க்கெசஸ் தீவுகள், எரிமலை புகைந்து கொண்டிருந்த டன்னா தீவு, நியூ கேலடோனியா, தென் அமெரிக்காவின் வால் நுனியில் கிறிஸ்மஸ் சவுண்ட், பனி மூடிய தெற்கு ஜார்ஜியா. எல்லாவற்றையும் வரைந்தார். கூடவே இருந்த வேல்ஸ் தினமும் வெப்பம், காற்று, வெளிச்சம் என்று குறித்துக்கொண்டே வந்தவர். அந்தப் பழக்கம் ஹாட்ஜஸையும் தொற்றியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். குருவிடம் கற்ற பொன்னிற வெளிச்சம் போய், அந்த இடத்தில் அந்த நேரத்தில் என்ன வெளிச்சமோ அதுவே படத்தில் வர ஆரம்பித்தது. டஹீட்டியில் நடுப்பகல் என்றால் கண் கூசும் நடுப்பகல்தான்.

1774-ல் டஹீட்டியின் பாரே துறையில் ஒரு காட்சி. பக்கத்துத் தீவின் மேல் படையெடுக்க, 160 பெரிய போர்ப்படகுகள் அணிவகுத்து நின்றன. அதையும் பிற்பாடு பெரிய துணியில் வரைந்தார். அமைதியான துறைமுகம் ஒரே நாளில் போர்த்துறையாக மாறுவதை அவர் பார்த்தது அங்கேதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1775 ஜூலை 30-ம் தேதி கப்பல் இங்கிலாந்து திரும்பியது.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

அடுத்த சில ஆண்டுகள் கடற்படை சம்பளத்திலேயே, பயணத்தில் எடுத்த குறிப்புகளைப் பெரிய எண்ணெய் வண்ணப் படங்களாக்கினார். 1777-ல் குக்கின் பயண நூல் வெளிவந்தது. அதில் ஹாட்ஜஸின் படங்கள் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சாகியிருந்தன. ஊரெல்லாம் பார்த்தது அந்த அச்சுப் படங்களைத்தான்.

வீட்டில் நிலைமை வேறு. 1776-ல் கல்யாணம். ஓராண்டுக்குள் பிரசவத்தில் மனைவி போய்விட்டார். அந்தத் துக்கத்தோடு 1779-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தொழில்முறை இயற்கைக் காட்சி ஓவியராக இந்தியா வந்த முதல் ஆங்கிலேயர் அவர்தான்.

1780-ன் தொடக்கத்தில் சென்னையில் இறங்கினார். இறங்கினார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். உலகமெல்லாம் துறைமுகங்களை வரைந்தவர் வந்து சேர்ந்த பட்டணத்துக்குத் துறைமுகமே கிடையாது! நம் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்ததே 1875-ல்தான். அதுவரை கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிவரும். அந்தப் படகில் ஒரு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் ஆணி அடித்த படகு உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். நம் மீனவர்களின் அந்தப் புத்திசாலித்தனம்தான் இரண்டரை நூற்றாண்டு காலம் கோட்டையை வாழவைத்தது.

ஹாட்ஜஸுக்கு ஊரைச் சுற்றிப் பார்த்து வரைய ஆசை. சுண்ணாம்புப் பூச்சில் சலவைக்கல் போல மின்னிய வீடுகளும் தூண்களும் அவரைக் கவர்ந்தன. ஆனால் உடம்பு சரியில்லை. அது தேறுவதற்குள் சண்டை வந்துவிட்டது. 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டிகளோடு பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றாகத் தோற்றது. ஹெக்டர் மன்றோ தன் படையோடு செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கி வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? மர்மலாங். நம் சைதாப்பேட்டைப் பாலத்துப் பக்கம்தான்.

இப்போது அந்தப் பாலத்துப் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதன் முன்னால் ஒரு சிப்பாய் ஏன் நிற்கிறான் என்று எனக்கு முதலில் புரியவில்லை. இந்த வரலாற்றைப் படித்த பிறகு புரிந்த மாதிரி இருக்கிறது. நாம் சிக்னலில் நின்று அலுத்துக்கொள்கிற அதே இடத்தின் வழியாக ஒரு காலத்தில் உயிர் பிழைக்க ஓடி வந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு சென்னையில் இருந்த ஓவியர் அதையெல்லாம் பார்த்தவர்.

சென்னையைத் தாண்டிப் போக வழியில்லாமல் சுமார் ஓராண்டு இங்கேயே இருந்துவிட்டு, 1781-ல் கடல் வழியாகக் கல்கத்தா போனார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரை ஆதரித்தார். ஹேஸ்டிங்ஸோடு கங்கையில் படகில் காசிக்குப் போன இடத்திலும் கலவரம். காசி ராஜா சேத் சிங்கை ஹேஸ்டிங்ஸ் சிறைபிடிக்கப் போக, ஊரே எழுந்தது. எல்லோரும் சுனார் கோட்டைக்கு ஓடினார்கள். ஹாட்ஜஸ் உடைமைகளில் பெரும்பாலானவற்றை இழந்தார். வரைந்த காகிதங்கள் மட்டும் தப்பின. பிறகு ஆக்ரா, குவாலியர் எல்லாம் பார்த்து வரைந்துவிட்டு, 1783 கடைசியில் ஊருக்குக் கப்பல் ஏறினார்.

பெயரும் புகழும் குறையும்

லண்டன் திரும்பியதும் இந்தியக் காட்சிகளை 48 படங்கள் கொண்ட தொகுப்பாக 1785 முதல் 1788 வரை வெளியிட்டார். தகடுகளைத் தானே செதுக்கினார். 1787-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். கொல்லர் மகனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! 1793-ல் தன் இந்தியப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மிடில்பர்க் தீவில் குக்கின் படகு கரையிறங்கியதைக் காட்டும் அச்சுப் படத்தில், அந்தத் தீவு மக்கள் கிரேக்கச் சிலைகள் மாதிரி இருக்கிறார்கள் என்று, கூடவே பயணம் செய்த ஜார்ஜ் ஃபார்ஸ்டரே குறை சொன்னார். இவருக்குப் பிறகு இந்தியா வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் இவருடைய கட்டடங்கள் அளவு சரியில்லை என்றார்கள். அவர்கள் கருவி வைத்து வரைந்தவர்கள். டேனியல்களின் சென்னைப் படங்களை நாம் காலண்டரில் நிறையப் பார்த்திருக்கிறோம், அவை துல்லியம்தான். ஹாட்ஜஸிடம் கோடு சில இடத்தில் தவறலாம். அந்த நாளின் வெயிலும் காற்றும் தவறவில்லை.

சொந்த வாழ்க்கையில் மறுபடியும் அடி. 1784-ல் செய்துகொண்ட இரண்டாவது கல்யாணமும் சில மாதங்களில் மனைவியின் மரணத்தில் முடிந்தது. 1785-ல் ஆன் மேரி கார் என்ற பெண்ணை மணந்தார். இந்த முறை குடும்பம் நிலைத்தது. குழந்தைகள் பிறந்தார்கள். செலவும் வளர்ந்தது. படங்கள்தான் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

இரண்டு துறைமுகங்கள்

1794 கடைசியில், பிரான்ஸோடு போர் நடந்து கொண்டிருந்த நேரத்தில், லண்டன் பாண்ட் தெருவில் தன் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். நடுநாயகமாக இரண்டு படங்கள். ஒன்று சமாதானத்தின் பலன், இன்னொன்று போரின் பலன். இரண்டிலும் ஒரே துறைமுகம்தான். முதல் படத்தில் சரக்குக் கப்பல்கள், வியாபாரம், குடிசை வாசலில் நிம்மதியாக ஒரு குடும்பம். இரண்டாவதில் நகரம் பற்றி எரிகிறது, குடிசையில் படைவீரர்கள்.

டஹீட்டியில் பார்த்த போர்ப்படகுகளும், சென்னைக்கு மூட்டையோடு ஓடி வந்த ஜனங்களும், காசியில் ஓடிய ஓட்டமும் அந்த இரண்டாவது படத்துக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வாழ்நாள் முழுக்கத் துறைமுகங்களை வரைந்தவர், கடைசியில் ஒரு துறைமுகத்துக்கு என்ன நேரக்கூடும் என்று சொல்ல நினைத்தார்.

1795 ஜனவரியில் அரசரின் இரண்டாவது மகன் யார்க் கோமகன் கண்காட்சிக்கு வந்தார். படையை நடத்தியவர் அவர். போர்க்காலத்தில் இப்படிப் படம் காட்டினால் சாதாரண ஜனங்களுக்குப் போர் மேல் வெறுப்பு வரும் என்று கருதி, கண்காட்சியை மூடச் சொன்னார். மூடினார்கள். படங்கள் ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. அந்த இரண்டு துறைமுகப் படங்களும் இன்று எங்கேயும் இல்லை.

ஹாட்ஜஸ் மனம் ஒடிந்து தூரிகையைக் கீழே வைத்தார். அப்புறம் செய்தது, ஐம்பது வயதில் பலரும் செய்வதுதான். கையில் இருந்ததைத் திரட்டி, தனக்குத் தெரியாத தொழிலில் போட்டார். டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் ஒரு வங்கியில் பங்குதாரர் ஆனார்.

எங்கள் தொழில்

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து நாட்டுப்புற வங்கி நம் வங்கி போல இல்லை. ஆறு பேருக்கு மேற்படாத பங்குதாரர்கள் சேர்ந்து நடத்துவது. அவர்களே நோட்டு அச்சிட்டுக் கொடுப்பார்கள். நோட்டைக் கொண்டுவந்தால் தங்கம் தர வேண்டும். லிமிடெட் கம்பெனி கிடையாது. கடன் தலைக்கு மேல் போனால் பங்குதாரரின் வீடு, பண்டம், பாத்திரம் வரைக்கும் பொறுப்பு.

1797 பிப்ரவரி 22-ம் தேதி ஒரு சிறிய பிரெஞ்சுப் படை வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்டில் இறங்கியது. இரண்டு நாளில் சரணடைந்துவிட்டது. ஆனால் பீதி சரணடையவில்லை. நாடெங்கும் ஜனங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தங்கத்துக்கு ஓடினார்கள். பிப்ரவரி 26-ம் தேதி பாங்க் ஆப் இங்கிலாந்தே தங்கம் கொடுப்பதை நிறுத்தும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது. அந்தத் தடை 1821 வரை நீடித்தது. பெரிய வங்கிக்கு அரசாங்கம் உண்டு. டார்ட்மத் வங்கிக்கு யார்? மூழ்கியது.

எண்பதுகளில் நான் இருந்த ஒரு கிளையில், யாரோ கிளப்பிய வதந்தியால் ஒரு நாள் காலையில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் கேஷ் கவுண்டரில். எதிரே ஒரு பாட்டி, பாஸ்புக்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். மொத்தம் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய். எடுத்துக் கொடுத்ததும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, இருக்குதாப்பா, அப்ப நீயே வச்சுக்கோ என்று திருப்பிக் கொடுத்தார். இரவு எட்டு மணிவரை பட்டுவாடா நடந்தது. எங்கள் கிளைக்குப் பின்னால் பெரிய வங்கி இருந்தது, சட்டம் இருந்தது, பிழைத்தோம். ஹாட்ஜஸுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

நம் ஊரும் இதைப் பார்த்திருக்கிறது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்தச் சாம்பலிலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். விழுந்ததிலிருந்து எழுந்திருக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஹாட்ஜஸுக்குக் கிடைக்கவில்லை.

1797 மார்ச் 6-ம் தேதி, டார்ட்மத்துக்குப் பக்கத்தில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் ஹாட்ஜஸ் இறந்தார். வயது 52. வாத நோய் வயிற்றில் ஏறியதால் மரணம் என்று சொல்லப்பட்டது. தானே தேடிக்கொண்ட முடிவு என்ற பேச்சும் அப்போதே இருந்தது. மனைவியும் அதே ஆண்டு சில மாதங்களில் காலமானார். குழந்தைகள் அநாதையாக நின்றார்கள்.

தமிழில் முதல் போட்டவர் முதலை இழந்தார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு வேறு கணக்கு தோன்றுகிறது. அவருடைய உண்மையான முதல் அந்த வங்கியில் இல்லை. காசியில் எல்லாம் போன நாளில் தப்பிய காகிதக் கட்டு இருக்கிறதே, அதுதான் முதல். அது மூழ்கவில்லை. கிரீனிச்சில் அவருடைய தென்கடல் துறைமுகங்கள் இருக்கின்றன. கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் அவருடைய இந்தியப் படங்கள் இருக்கின்றன. நீங்கள் அடுத்த முறை கல்கத்தா போனால் பாருங்கள். நம்மிடம் இல்லாமல் போன பாலம் அவர் படத்தில் இருக்கிறது.

நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு இதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மனம் ஒடிந்திருக்கும் நேரத்தில் வாழ்நாள் சேமிப்பை எங்கேயும் தூக்கிப் போடாதீர்கள். யாராவது அதிக வட்டி என்று வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பி பிளாக்கில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காபி போட்டுத் தருகிறேன், படிவத்தைச் சேர்ந்து படிப்போம். வெட்கப்பட வேண்டியதில்லை. ராயல் அகாடமி உறுப்பினரே ஏமாந்திருக்கிறார்.

இரண்டாவது, உங்கள் பரண் மேல் பழைய ஆல்பம் இருக்கும். பாண்டி பஜாரில் நின்று எடுத்தது, மெரினாவில் எடுத்தது, நம் குடியிருப்பு வருவதற்கு முன் இந்த இடத்தில் இருந்த தோட்டத்து வீட்டில் எடுத்தது. போட்டோவில் உங்கள் மாமா நன்றாக விழாமல் இருக்கலாம். அவருக்குப் பின்னால் தெரிகிற தெருவைப் பாருங்கள். அது இன்று வேறு எங்கேயும் கிடையாது. பின்புறம் இடமும் வருஷமும் பென்சிலால் எழுதி, அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். அடுத்தடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாகப் போடலாம்.

அடுத்த முறை சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி நின்றால், ஹாரன் அடிக்காமல் ஒரு நிமிஷம் ஆற்றைப் பாருங்கள். கரையில் எங்கேயோ ஒரு ஸ்டூலைப் போட்டு, உடம்பு சரியில்லாத ஒரு வெள்ளைக்காரர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உங்களுக்காக அதை வரைந்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.